நிலாவின் வெள்ளை இடங்கள்: நெல்லைச் சீமையிலிருந்து பார்க்கவும் படம் எடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

நிலாவின் கறைக்கு நம்மிடம் கதை உண்டு. பாட்டி வடை சுடுகிறாள், முயல் உட்கார்ந்திருக்கிறது என்று சிறுவயதிலேயே காட்டிவிடுகிறார்கள். அந்தக் கறையைச் சுற்றியும், சில இடங்களில் கறைக்கு நடுவிலேயும், சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கும் இடங்களை யாரும் குழந்தைக்குக் காட்டுவதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வெள்ளை இடங்களுக்கானது.

தொலைநோக்கி வாங்கிய எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "பௌர்ணமி அன்று நிலாவைப் பார்க்காதே, நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும்" என்பதுதான். மலையும் பள்ளமும் பார்க்க அது சரியான அறிவுரை. வெள்ளை இடங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பௌர்ணமியும் அதற்கு முன்பின் இரண்டு மூன்று நாளும்தான் இவற்றின் பருவம். எல்லோரும் கருவியை மூடி வைக்கும் நாட்களில் நாம் திறக்கப் போகிறோம்.

வெளுப்பு எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கேமராவைத் தூக்கினால் எதை எடுக்கிறோம் என்று தெரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நிலா உண்மையில் கறுத்த பொருள். தன் மேல் விழும் வெயிலில் சராசரியாக 12 சதவீதம் அளவுதான் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் இருட்டான வானம் இருப்பதால் நமக்கு வெண்ணிலாவாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பிலும் வித்தியாசம் உண்டு. கடல்கள் என்று அழைக்கப்படும் கறைப்பகுதிகள் இரும்புச்சத்து மிகுந்த எரிமலைப் பாறை. மேட்டு நிலங்கள் அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை. நிலா உருவான புதிதில் அதன் மேல்பகுதி முழுக்க உருகிக் கிடந்தபோது, எடை குறைந்த இந்தப் பாறை மேலே மிதந்து உறைந்தது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம். 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவப் பக்கம் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி, அங்கே மண்ணைச் சோதித்து இந்த விளக்கத்துக்குப் பலம் சேர்த்தது. அந்த விண்கலத்தைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கப்பட்டது நம் மகேந்திரகிரியில். பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பாறை முதல் காரணம் என்றால், வயது இரண்டாவது காரணம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய காரணம். விண்கல் மோதும்போது அடியிலிருக்கும் புதுப்பொடி தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கோடுகோடாக விழுகிறது. புதிதாக இருக்கும்வரை வெளுப்பு. பிறகு சூரியக்காற்றும் நுண்கற்களின் ஓயாத மோதலும் சேர்ந்து, அந்தப் பொடியின் மேல் மிக நுண்ணிய இரும்புத் துகள்களைப் படிய வைத்துக் கறுக்கச் செய்கின்றன. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் கதிர்க்கோடுகள் பெரும்பாலும் மங்கி மறைந்துவிடும். அதனால் நிலாவில் ஒரு பள்ளம் கதிர்களோடு பளிச்சென்று தெரிந்தால், அது உயரமானது என்று அர்த்தம் இல்லை, இளையது என்று அர்த்தம். டைகோ பள்ளத்துக்கு வயது சுமார் 10.8 கோடி ஆண்டு. கோப்பர்னிகஸுக்கு சுமார் 80 கோடி. இரண்டையும் ஒரே இரவில் ஒப்பிட்டுப் பாருங்கள். டைகோவின் கதிர்கள் கூர்மையாகவும், கோப்பர்னிகஸின் கதிர்கள் சற்று மங்கியும் இருப்பதைக் கண்ணாலேயே உணரலாம். 1969-இல் அப்போலோ 12 கோப்பர்னிகஸின் கதிர் ஒன்று கடந்துபோகும் இடத்தில் இறங்கி மண் எடுத்து வந்தது. டைகோவின் வயது, 1972-இல் அப்போலோ 17 இறங்கிய பள்ளத்தாக்கில் கிடந்த ஒரு மலைச்சரிவை வைத்துக் கணக்கிடப்பட்டது. டைகோவிலிருந்து பறந்து வந்த கற்களே அந்தச் சரிவை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

மூன்றாவது, வெயில் விழும் கோணம். பௌர்ணமி நிலா அரைநிலாவைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் தர வேண்டும் என்றுதான் தோன்றும். உண்மையில் ஏறத்தாழ பத்து மடங்கு தருகிறது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் நேராக இருக்கும்போது, ஒவ்வொரு மண்துகளும் தன் நிழலைத் தன் பின்னாலேயே மறைத்துக்கொள்கிறது. அதோடு ஒளி வந்த திசையிலேயே கூடுதலாகத் திரும்புகிறது. வெள்ளை இடங்கள் அப்போதுதான் முழு வெளுப்போடு தெரிகின்றன.

திதி பார்த்து நாள் குறியுங்கள்

இதற்குச் செயலி எதுவும் அவசியம் இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடும் நேரம்தான் ஒரு திதி. நிலாவின் முகத்தில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோடும் ஒரு திதிக்கு அதே 12 பாகை நகர்கிறது. அதனால் எந்தப் பள்ளத்தில் எப்போது விடியும் என்பதைத் திதியை வைத்தே சொல்லிவிடலாம். நிலாவின் ஆட்டத்தால் சில பாகை முன்பின் ஆகும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். நாட்காட்டியில் "நவமி மாலை 5.40 வரை" என்று போட்டிருந்தால், அன்று இரவு நீங்கள் பார்ப்பது தசமி நிலாவை.

வளர்பிறையில் வரிசை இப்படிப் போகும். சதுர்த்தியில் கிரிசியம் கடலின் மேற்குக் கரையில் இருக்கும் புரோக்ளஸிலும், பெக்குண்டிட்டாடிஸ் கடலில் இருக்கும் மெஸ்ஸியரிலும் விடியும். நவமியில் டைகோ. தசமியில் கோப்பர்னிகஸ். ஏகாதசியில் கெப்ளர். துவாதசியில் அரிஸ்டார்கஸ். திரயோதசியில் ரெய்னர் காமா. விடிந்த அன்றே அந்த இடம் நிழலும் மேடுமாகத் தெரியும், வெளுப்பு அவ்வளவாக இருக்காது. இரண்டு மூன்று திதி கழித்து வெயில் ஏறினால்தான் வெளுக்கத் தொடங்கும். ஆகவே கதிர்க்கோடுகளுக்கு வளர்பிறைத் திரயோதசி முதல் தேய்பிறைத் துவிதியை வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விதிவிலக்காக, வெயில் கோணத்தால் மட்டும் சில மணி நேரம் பளிச்சிடும் இடங்களும் உண்டு. அஷ்டமியை ஒட்டி, பிளாங்கினஸ், லா கெய்ல், புர்பாக் என்ற மூன்று பள்ளங்களின் விளிம்புகள் இருட்டுக்குள் பெருக்கல் குறி மாதிரி ஒளிரும். சுமார் நான்கு மணி நேரம் இருக்கும், பிறகு சுற்றுப்புறமும் விடிந்து கரைந்துவிடும். ஏகாதசி வாக்கில் இரிடம் வளைகுடாவைச் சுற்றிய ஜூரா மலைத்தொடர், வளைகுடா இன்னும் இருட்டில் இருக்கும்போதே வெயிலைப் பிடித்துப் பொன் வளையமாக நிற்கும். எல்லா மாதமும் இவை நமக்கு இரவு நேரத்தில் வாய்ப்பதில்லை. வாய்க்கிற மாதத்தில் விட்டுவிடாதீர்கள்.

நம் வானத்தின் வசதி

திருநெல்வேலி 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. இதனால் நிலா நமக்கு எந்த மாதத்திலும் தாழ்வாகப் போவதே இல்லை. அது எவ்வளவு தெற்கே போனாலும், உச்சிக்கு வரும் நேரத்தில் அடிவானத்திலிருந்து 50 பாகைக்கு மேலேயே நிற்கும். லண்டன்காரர்களுக்குக் கோடைப் பௌர்ணமி சில ஆண்டுகளில் 10 பாகை உயரத்தில் தவழ்ந்து போகிறது. அவ்வளவு தடித்த காற்று வழியாக அவர்கள் பார்ப்பதை நாம் மெல்லிய காற்று வழியாகப் பார்க்கிறோம். நிலாப் படம் எடுப்பவருக்கு இது பெரிய கொடை.

ஊர் வெளிச்சம் நிலாவைக் கெடுக்காது. வண்ணாரப்பேட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்து மாடியிலிருந்தும் டைகோ கதிர்களைத் தெளிவாகப் பார்க்கலாம். கெடுப்பது வெப்பம். பகல் முழுக்க வெயில் குடித்த தட்டட்டி, இரவு பத்து மணி வரை அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றசைவில் நிலா விளிம்பு நெளியும். மண் தரை, வீட்டுக் களம், வாய்க்கால் கரை இவை நல்லது. மாடிதான் என்றால், சாயங்காலமே தண்ணீர் தெளித்துக் குளிரவிட்டு, பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். பொத்தை மேல் ஏறினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாறையும் சூட்டைப் பிடித்து வைக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, தை முதல் பங்குனி வரை நம் பக்கம் அருமையான காலம். ஆனி, ஆடியில் மழை இல்லாவிட்டாலும் மலையைத் தாண்டி இறங்கும் காற்று விடாது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் முக்காலி எப்படி நிற்கும்? அந்த மாதங்களில் பைனாகுலரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்கானது. மார்கழி, தையில் தாமிரபரணிக் கரை வயல்வெளிகளில் பனி இறங்கி லென்ஸில் படியும். கறுப்பு சார்ட்டைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டால் பெருமளவு தப்பிக்கலாம்.

பாபநாசம், அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கே பொதிகை மலை நிற்கிறது. மெல்லிய பிறை மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். பிறைநிலாப் படத்துக்கு அவர்கள் கிழக்கே, வல்லநாடு பக்கம் வருவது நல்லது. கடலிலிருந்து எழும் பௌர்ணமி வேண்டும் என்றால் உவரி இருக்கிறது. ஆனால் அது அழகுக்கான படம். வெள்ளை இடங்களின் நுணுக்கம் நிலா 40 பாகையாவது ஏறிய பிறகுதான் கிடைக்கும்.

இன்னொன்று. புத்தக வரைபடங்களில் வடக்கு மேலேயும் டைகோ கீழேயும் இருக்கும். நம் ஊரில் கிழக்கே எழும் பௌர்ணமியில் வடக்கு இடதுகைப் பக்கம், டைகோ வலதுகைப் பக்கம், கிரிசியம் கடல் உச்சியில். மேற்கே இறங்கும்போது டைகோ இடப்பக்கம் போய்விடும். மார்கழி, தைப் பௌர்ணமியில் நிலா நம் உச்சிக்கும் வடக்கே கடக்கும். வடக்கு நோக்கி அண்ணாந்தால் டைகோ மேலே இருக்கும். இது தெரியாமல் வரைபடத்தோடு குழம்பியவர்கள் பலர். வரைபடத்தை நிலாவுக்கு ஏற்பத் திருப்பிப் பிடியுங்கள். குழிக்கண்ணாடி வைத்த நியூட்டோனியன் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகக் காட்டும், முக்கோணக் கண்ணாடி வைத்த லென்ஸ் தொலைநோக்கி இடவலம் மாற்றும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவி

வெறுங்கண்ணே முதல் கருவி. பௌர்ணமியில் கோப்பர்னிகஸும் கெப்ளரும் வெளிறிய புள்ளிகளாகவும், டைகோ சுற்றிலும் வெளுத்த இடமாகவும் தெரியும். 10×50 பைனாகுலரை முக்காலியிலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் வைத்தால், கதிர்களில் முக்கால்வாசி கிடைத்துவிடும். கதிர்களைப் பொறுத்தவரை குறைந்த உருப்பெருக்கமே நல்லது. முழு நிலாவும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும்.

தொலைநோக்கி என்றால் 70 மி.மீ. லென்ஸ் கருவியே நிறையக் காட்டும். 6 அங்குல டாப்சோனியன் (எளிய பீடத்தில் வைத்துக் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) கிடைத்தால், நல்ல காற்றில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு விவரம் வரை போகலாம். டாப்சோனியன் வைத்திருப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு சங்கடம், நிலா நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது கருவியைத் திருப்புவது கஷ்டம், கழுத்தும் வலிக்கும். நிலா 50 முதல் 70 பாகைக்குள் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பௌர்ணமி வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். கெடுக்காது, கூசும். நிலா ஃபில்டர் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் வராந்தா விளக்கை எரியவிடுங்கள். கண்மணி சுருங்கி, கூச்சம் குறைந்துவிடும். தொலைநோக்கியே இல்லாதவர்கள் கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பார்க்கும் வரிசை

டைகோவிலிருந்து தொடங்குங்கள். சுமார் 85 கிலோமீட்டர் அகலம். அதன் கதிர்கள் 1,500 கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. பள்ளத்தை ஒட்டி ஒரு கறுத்த வளையம் இருக்கும், வெள்ளைக் கதிர்கள் அதற்கு வெளியேதான் தொடங்கும். மோதலில் உருகித் தெறித்த பாறை உறைந்த இடம் அந்த வளையம். கறுப்பு வளையத்தைப் பார்க்க முடிந்தால் உங்கள் ஃபோகஸும் காற்றும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். 1968 ஜனவரியில் சர்வேயர் 7 இறங்கியது இந்தப் பள்ளத்தின் வடக்குப் பக்கம்தான்.

அடுத்து மேற்கே நகர்ந்து கோப்பர்னிகஸ், கெப்ளர், அரிஸ்டார்கஸ் மூன்றையும் ஒரே முக்கோணமாகப் பிடியுங்கள். கறுத்த கடலின் மேல் இவை விழுந்திருப்பதால் கதிர்கள் எடுப்பாகத் தெரியும். அரிஸ்டார்கஸ் 40 கிலோமீட்டர்தான், ஆனால் நிலாவின் பெரிய பள்ளங்களில் இதைவிடப் பளிச்சென்ற இடம் கிடையாது. 100 மடங்கு பெருக்கிப் பாருங்கள். உள்சுவரில் கறுத்த பட்டைகள் அடியிலிருந்து விளிம்பு வரை ஏறும். முதல் பார்வையில் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் இருந்தால் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போய்விடாதீர்கள்.

அரிஸ்டார்கஸிலிருந்து தென்மேற்கே, கடலின் நடுவில் ரெய்னர் காமா. இதுதான் என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம். சுமார் 70 கிலோமீட்டர் நீளத்தில் வெள்ளையாகச் சுழித்துக் கிடக்கிறது. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, நிழலே விழாது. அந்த இடத்து நிலத்தில் காந்தப்புலம் இருப்பதும், அது சூரியக்காற்றைத் தடுத்து மண்ணைக் கறுக்காமல் காப்பதும் காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். நிலாவின் மறுபக்கத்தில் இதே மாதிரியான ஒரு காந்த இடம் சூரியக்காற்றை விலக்கி நிற்பதை நம் சந்திரயான்-1 பதிவு செய்தது.

கிழக்கே வந்தால் புரோக்ளஸ். 28 கிலோமீட்டர்தான். அதன் கதிர்கள் விசிறியாக விரிந்து, தென்மேற்குப் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். விண்கல் தென்மேற்கிலிருந்து தாழ்வாகச் சாய்ந்து வந்து மோதியதன் அடையாளம் அது. மெஸ்ஸியரில் இன்னும் சரிந்த மோதல். இரட்டைப் பள்ளத்திலிருந்து மேற்கு நோக்கி இரண்டு கதிர்கள் மட்டும் நேராக ஓடும். சென்சோரினஸ் நான்கு கிலோமீட்டர் கூட இல்லை, ஆனாலும் சின்னத் தொலைநோக்கியில் பளீரென்று புள்ளியாகத் தெரியும்.

செரினிட்டாடிஸ் கடலில் லின்னே என்று ஒன்று. உண்மையான பள்ளம் இரண்டேகால் கிலோமீட்டர், அதைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு. 1866-இல் ஏதென்ஸ் வானாய்வகத்தின் ஜூலியஸ் ஷ்மிட், இந்தப் பள்ளம் காணாமல் போய்விட்டது என்று அறிவித்தார், பெரிய விவாதம் நடந்தது. வெயில் கோணம் மாறும்போது ஒரே இடம் பள்ளமாகவும் வெறும் திட்டாகவும் மாறி மாறித் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சப்தமியிலும் பௌர்ணமியிலும் பார்த்து ஒப்பிடுங்கள்.

பார்த்ததைக் குறித்து வைக்க எல்கர் அளவுகோல் இருக்கிறது. கறுத்த நிழலுக்கு 0, கிரிமால்டியின் தரைக்கு 1, தியோஃபிலஸின் தரைக்கு 3, கோப்பர்னிகஸின் சுவருக்கு 8, சென்சோரினஸுக்கு 9, அரிஸ்டார்கஸின் நடுச்சிகரத்துக்கு 10. புதிதாகப் பார்க்கும் எந்த இடத்தையும் இவற்றோடு ஒப்பிட்டு எண் கொடுங்கள். கண் கூர்மையாவதை நீங்களே உணர்வீர்கள்.

படம் எடுக்க

இங்கே விதி ஒன்றுதான்: வெள்ளை கருகக் கூடாது, அதாவது வெளிச்சம் மிஞ்சி விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடக் கூடாது. கேமரா தானாக அளந்து எடுத்தால் சுற்றியிருக்கும் கறுப்பு வானத்தையும் சேர்த்து அளந்து, நிலாவை வெளுத்துத் தள்ளிவிடும். வெளுத்துப்போன இடத்தில் எந்தத் தகவலும் இல்லை, பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நாம் எடுக்க வந்ததே அந்த இடங்களைத்தான். எனவே நிலாவின் சராசரிக்கு அல்லாமல், அரிஸ்டார்கஸுக்கு ஏற்ற வெளிச்சத்தில் எடுங்கள். திரையில் படம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

தொடக்கக் கணக்கு இது. பௌர்ணமிக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்றால் நூறில் ஒரு வினாடி. எஃப் 8-க்கு இருநூறில் ஒரு வினாடி. அதிலிருந்து அரிஸ்டார்கஸுக்காக இன்னும் ஒரு படி குறைத்து, நானூறில் ஒன்று. அரைநிலாவுக்கு எஃப் 8-இல் அறுபதில் ஒன்று வரை போகலாம். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கை கேமராவில் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள், எங்கேயும் மினுக்கக் கூடாது. ஜேபெக் வேண்டாம், ரா கோப்பாக எடுங்கள். வெள்ளைச் சமநிலையைப் பகல்வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

சென்சாரில் நிலா எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய, குவியத் தூரத்தை 110-ஆல் வகுங்கள். 300 மி.மீ. லென்ஸில் மூன்று மி.மீ. கூட வராது. 1,200 மி.மீ. தொலைநோக்கியில் சுமார் 11 மி.மீ., சாதாரண டிஎஸ்எல்ஆரில் முழு நிலாவும் அடங்கும் அளவு. ஃபோகஸைத் திரையில் பத்து மடங்கு பெருக்கி, கையால் செய்யுங்கள். பௌர்ணமியில் நிழல் இல்லாததால் ஃபோகஸ் பிடிப்பது கடினம். நிலாவின் விளிம்பையோ சென்சோரினஸ் மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியையோ வைத்துப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரில் விடுங்கள்.

செல்போனில் எடுப்பவர்கள் 25 மி.மீ. மாதிரி குறைந்த பெருக்கத்து ஐபீஸில் அடாப்டர் மாட்டிக்கொள்ளுங்கள். திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ 50 அல்லது 100. டிஜிட்டல் ஜூம் தொடாதீர்கள். நிலாவை அடையாளம் கண்டு தானாக மெருகேற்றும் வசதியைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். அது லென்ஸ் பார்க்காத விவரங்களையும் படத்தில் சேர்க்கக்கூடும். நம் வேலைக்கு அது விஷம்.

நுணுக்கம் வேண்டும் என்றால் ஒற்றைப் படம் போதாது, வீடியோதான் வழி. காற்று ஒரு வினாடிக்குப் பலமுறை படத்தைக் குலைக்கும், நடுநடுவே சில கணங்கள் தெளியும். ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை எடுத்து, தெளிந்த ஃபிரேம்களை மட்டும் சேர்க்க வேண்டும். மோட்டார் இல்லாத டாப்சோனியன் என்றால் நிலா நகர்ந்துகொண்டே இருக்கும். பரவாயில்லை, அதை ஃபிரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மிதக்கவிட்டு, மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிப் மென்பொருள் அவற்றை வெட்டி நடுவில் நிறுத்தித் தரும்.

பிறையின் இருட்டுப் பக்கத்தில்

நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்கிறேன். திருதியை, சதுர்த்தியில் பூமியின் வெளிச்சம் பட்டு நிலாவின் இருட்டுப் பக்கமும் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலில் முதலில் கண்ணில் படுவது அரிஸ்டார்கஸ்தான். 1787-இல் வில்லியம் ஹெர்ஷல் நிலாவின் இருட்டில் எரிமலை எரிவதாக எழுதினார். அவர் பார்த்தது பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான் என்று கருதப்படுகிறது. நம் ஊரில் பிறை அடிவானத்திலிருந்து செங்குத்தாக ஏறி நிற்கும், அந்தியும் சீக்கிரம் கறுத்துவிடும், அதனால் இந்தக் காட்சிக்கு நல்ல அவகாசம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை. வெளிச்சப்பிறை கருகிப்போகும், இந்த ஒரு படத்தில் மட்டும் அதற்கு அனுமதி.

கணினியில்

ஆட்டோஸ்டாக்கர்ட் இலவசம். வீடியோவைக் கொடுத்து, தரவரிசைப்படுத்தச் சொல்லி, மேல் 10 முதல் 25 சதவீதத்தை மட்டும் சேருங்கள். அப்புறம் ரெஜிஸ்டாக்ஸில் வேவ்லெட் கொண்டு கூர்மையாக்குங்கள். இங்கேதான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். வெள்ளைப் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம் வந்தால் அளவு மீறிவிட்டீர்கள். டைகோவுக்கு உண்மையிலேயே கறுப்பு வளையம் உண்டு என்பதால், பொய் வளையம் போட்டால் படத்தின் பயனே போய்விடும். கூர்மையைப் பாதியாகக் குறைத்து, ஒரு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கர்வ்ஸ் திறந்து, நடுத்தர ஒளியை மட்டும் தூக்கி, மேல் முனையைத் தொடாமல் விடுங்கள். எல்கர் அளவில் 8-ம் 9-ம் 10-ம் படத்திலும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும், அதுதான் சோதனை. நிறச்செறிவைப் படிப்படியாகக் கூட்டினால் இன்னொரு உலகம் திறக்கும். டிரான்குவிலிட்டாடிஸ் கடல் நீலம் பாரிக்கும், அது டைட்டானியம் மிகுந்த பாறை. அரிஸ்டார்கஸ் பக்கத்து மேட்டுநிலம் பழுப்பு மஞ்சளாக மாறும்.

ஒரு பட்சம் முழுக்க

தனிப்படத்தைவிட வரிசைப்படம் அதிகம் சொல்லும். லின்னே, புரோக்ளஸ், டைகோ இந்த மூன்றையும் வளர்பிறை அஷ்டமி முதல் தேய்பிறை அஷ்டமி வரை, அந்தந்த இடத்தில் வெயில் இருக்கும் இரவுகளில் முடிந்தவரை எடுங்கள். வெளிச்ச அமைப்பு மாறக் கூடாது. பௌர்ணமிக்குக் கருகாத அளவை முதலிலேயே தீர்மானித்து, அதையே எல்லா நாளும் வையுங்கள். அஷ்டமிப் படங்கள் மிக இருட்டாக இருந்தால், கூடுதல் வெளிச்சத்தில் இன்னொரு தொகுதி தனியாக எடுங்கள். கோப்புப் பெயரிலேயே தேதி, நேரம், திதி, இடத்தைச் சேருங்கள். ஒரே இடத்தின் துண்டுகளை வெட்டி வரிசையாக ஒட்டினால், நிழல் சுருங்கி வெளுப்பு ஏறி, பௌர்ணமியில் உச்சம் தொட்டு இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

தேய்பிறைப் பாதியைப் பெரும்பாலோர் தூக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் காற்று மிக அமைதியாக இருப்பது விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான், தரை முழுக்கக் குளிர்ந்திருக்கும். தேய்பிறை தசமி, ஏகாதசி விடிகாலையில் கிழக்கே ஏறி நிற்கும் பிறையில் அரிஸ்டார்கஸும் ரெய்னர் காமாவும் இன்னும் வெயிலில் இருக்கும். துவாதசியில் அரிஸ்டார்கஸில் பொழுது சாயும், சுவரின் பட்டைகள் நிழலோடு சேர்ந்து தெரியும். பௌர்ணமியில் வெள்ளையாக மட்டும் பார்த்த பள்ளத்தின் ஆழம் அப்போது பிடிபடும். நாலரை மணிக்கு எழுந்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 200, அறுபதில் ஒரு வினாடியில் தொடங்கி, ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். சூரியன் எழுவதற்கு முன் கருவியை மூடிவிடுங்கள். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் சூரியன் ஒரு கணம் பட்டாலும் கண் போய்விடும்.